பன்னிரண்டு விநாடி ஜெபம்

எங்கள் சபைச் சமையலறையில் எனக்குச் சூறாவளி என்று பட்டப்பெயர். என் முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். சூறாவளி இல்லாமல் வாரத்தில் ஐந்து நாள் நூற்றி நாற்பது பொட்டலம் மதியச் சாப்பாடு பதினொன்றரை மணிக்கு வண்டி ஏறுமா?

ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் நீளக் கூடம்தான் எங்கள் சமையலறை. நான்கு பெரிய அடுப்பு, ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு இரண்டு அண்டா, நடுவில் தகர மேசை. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்காக நடக்கிற வேலை இது. படுத்த படுக்கையானவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள், கால் போனவர்கள். ஆறு மணிக்குக் காய் வெட்ட ஆரம்பிப்போம். உப்பு குறைவான பொட்டலத்துக்குப் பச்சை மூடி, மற்றதற்கு வெள்ளை மூடி. பதினோரு வருஷமாக இது என் பொறுப்பு. இதில் யாரும் குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை.

ஜெபம் செய்யாமல் ஒரு பொட்டலமும் வாசலைத் தாண்டாது என்பது எங்கள் சட்டம். காய் வெட்டும் முன் ஒரு தடவை, மூடி போடும் முன் ஒரு தடவை, வண்டி கிளம்பும் முன் ஒரு தடவை. மூன்றும் நான்தான். "ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும், சமைத்த கைகளையும் உண்ணப்போகும் வாய்களையும் ஆசீர்வதியும், சூடு ஆறாமல் போய்ச் சேர உதவி செய்யும், இயேசுவின் நாமத்தில், ஆமென். ம், எடுங்க!" கடைசி இரண்டு சொல் ஆண்டவருக்கு இல்லை, வண்டிக்கு. எங்களோடு வேலை செய்யும் கணக்கு டீச்சர் ஒருநாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு விநாடி என்றார். வண்டி ஓட்டுபவர் 'இயேசுவின்' என்றதுமே சாவியைத் திருகிவிடுவார். ஆமெனுக்கும் எஞ்சினுக்கும் சரியாக இருக்கும். நாங்கள் எல்லோரும் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. காலையில் ஐந்திலிருந்து ஆறு வரை துணி வெட்டும் மேசை பக்கத்தில் நாற்காலி போட்டு, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நான் அந்த நேரத்தில் இங்கும் அங்கும் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே உருட்டுவேன்.

"உங்க நாற்காலிதான் தேயுது. இந்த வீட்டுல ஒரு பாத்திரமாவது தேய்ச்சிருக்கீங்களா?" என்று கேட்பேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நீ வேலை பண்றே, ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஜெபம் பண்றேன். சரியாப்போச்சு" என்பார்.

உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வாருங்கள் என்றால் மட்டும் மனிதர் நழுவிவிடுவார். மருத்துவமனை வாசனையே அவருக்கு ஆகாது. "வீட்லேர்ந்தே ஜெபிக்கிறேன், போயிட்டு வா" என்பார். அப்படி அவர் பங்கு அவருக்கு, என் பங்கு எனக்கு என்று குடித்தனம் நன்றாகத்தான் ஓடியது, என் தங்கச்சி வயிற்றில் கட்டி வரும் வரை.

தங்கச்சி என்னைவிட ஆறு வயது சின்னவள். கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக இருக்கிறாள். ஆலயத்துக்கு வருவது அத்தி பூத்தாற்போல. எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று அவள் என்னிடம் சொன்னபோது, கட்டி இருப்பது தெரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஏண்டி, மூணு மாசமா வாயத் தொறக்கல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ரெண்டு தடவ சொல்லத்தான் வந்தேன்கா. சமையலறைக்கு."

"எப்போ?"

"வந்தேன். நீ என் கையில கத்தியக் கொடுத்து, 'நல்ல நேரத்துல வந்தே, அந்த கேரட்ட வெட்டு'ன்னே. வெட்டிட்டுப் போயிட்டேன். ரெண்டாவது தடவ உருளைக்கிழங்கு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அவள் வந்ததுகூட ஞாபகம் இல்லை. அன்றைக்குக் கேரட் சீக்கிரம் முடிந்துவிட்டது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் குரல் ஏறும். என்ன வேண்டுமோ கேள், சமைத்துத் தரவா, துவைத்துத் தரவா, கூட வந்து தங்கவா என்று கத்தினேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி எனக்காக ஜெபம் பண்ணு. அது போதும்."

"பாஸ்டரக் கூட்டிட்டு வரேன். அவர் நல்லாப் பண்ணுவார்."

"பாஸ்டர் வேண்டாம். நீ பண்ணு."

என்னிடம் எப்போதும் எதுவும் கேட்காதவள் அவள். அந்த ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே மருத்துவமனையில் இருந்தேன். சமையலறையைக் கணக்கு டீச்சரிடம் ஒப்படைத்திருந்தேன். வீட்டுக்காரரும் வந்தார், ஆச்சரியம்தான். ஆனால் வார்டுக்குள் வரவில்லை. வெளியே காத்திருக்கும் கூடத்தில் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்த் தங்கச்சியின் போர்வையைச் சரிசெய்தேன், செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தேன், தண்ணீர் குப்பியைத் துடைத்தேன். மூன்று தடவை நர்ஸிடம் போய்ச் சந்தேகம் கேட்டேன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதேதான். கட்டில் பக்கத்தில் நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. நான் அதில் உட்காரவே இல்லை.

எட்டரைக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தள்ளுகிறவர் திடகாத்திரமான ஆள். தங்கச்சியை அதில் மாற்றிப் படுக்க வைத்தார்கள். நீளத் தாழ்வாரத்தைத் தாண்டி ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை நானும் கூடவே ஓடினேன். அங்கே அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அக்கா, இப்போ."

நான் கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். என் வாய்க்கு ஒரே ஒரு பாதைதான் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும், சமைத்த கைகளையும் உண்ணப்போகும் வாய்களையும் ஆசீர்வதியும், சூடு ஆறாமல் போய்ச் சேர உதவி செய்யும், இயேசுவின் நாமத்தில், ஆமென். ம், எடுங்க!"

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். எடுங்க என்றதும் எடுத்துவிட்டார். நான் கண்ணைத் திறப்பதற்குள் சக்கரம் நகர்ந்துவிட்டது. என் கையிலிருந்து அவள் கை உருவிக்கொண்டு போனது. தங்கச்சி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானாக்கா?"

கதவு மூடிக்கொண்டது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவளுக்குச் சாப்பாட்டு ஜெபம் சொல்லி அனுப்பியிருந்தேன். வெளியில் நின்று அந்தக் கதவை ஓங்கித் தட்டலாமா என்று யோசித்தேன். கையை ஓங்கவும் செய்தேன். உள்ளே போகக்கூடாது என்று ஒரு நர்ஸ் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பினாள்.

நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கும் கூடத்துக்கு வந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வதற்கில்லை, எனக்கு இரண்டும் ஓடின. கோணலாகக் கிடந்த நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டேன். யாரோ போட்டுவிட்டுப் போன காகிதக் கோப்பைகளைப் பொறுக்கினேன். தண்ணீர்க் குடுவை காலியாக இருந்தது, போய்ச் சண்டை போட்டு நிரப்ப வைத்தேன். ஒரு இளம் தாய் மருந்து வாங்கப் போக வேண்டும் என்றாள், அவள் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன். குழந்தை அழுதது, அதுவாவது தைரியமாக அழுகிறதே என்று பொறாமையாக இருந்தது.

"உக்காரு" என்றார் வீட்டுக்காரர்.

"உக்காந்தா அவ மூஞ்சி வருது."

"என்ன ஆச்சு?"

சொன்னேன். ஒரு சொல் விடாமல், 'எடுங்க' வரைக்கும். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரித்திருந்தால் அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ உள்ள ஏதாவது ஆகிப்போனா, நான் அவகிட்ட கடைசியா சொன்னது 'எடுங்க'தான்" என்றேன். "நீங்க தெனமும் ஒரு மணி நேரம் பண்றீங்களே, எப்படிங்க பண்றீங்க? எனக்குச் சொல்லித் தாங்க."

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "ஒரு மணி நேரம் உக்காருவேன். அது நெஜம். அதுல பாதி நேரம் தூங்கிடுவேன். மீதி நேரம் நீ பாத்திரம் உருட்டுற சத்தத்தக் கேட்டுட்டு, 'ஆண்டவரே, இவ எனக்காகவும் சேத்து வேலை செய்றா, நான் கோழை, எனக்கு யார் வீட்டுக்கும் போகத் தைரியம் இல்ல'ன்னு சொல்லிட்டு இருப்பேன். பதினோரு வருஷமா இதேதான் சொல்றேன். பெரிய ஜெப வீரன்னு நெனச்சியா?"

இத்தனை வருஷத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்கிற நேரத்தில் நான் எதையாவது உருட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஒன்றுக்கும் உதவாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. கணக்கு டீச்சர். சமையல் முடிந்துவிட்டது, உப்பெல்லாம் சரி. ஆனால் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் மூன்று தெருவுக்கு நடந்து கொடுக்கிறவருக்குக் கால் பிசகிவிட்டது. பன்னிரண்டு பொட்டலம். வண்டியில் மருத்துவமனை வாசலில் இறக்கிவிடலாம், எடுத்துக்கொண்டு போக ஆள்தான் இல்லை என்றார்.

நான் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது. இது எனக்குத் தெரிந்த வேலை. ஒரு மணி நேரம் படி ஏறி இறங்கினால் அந்த முகம் மறந்துவிடும்.

"நீ உக்காரு" என்றார் வீட்டுக்காரர். "நான் போறேன்."

"நீங்களா? உங்களுக்கு ஆவாதே. அங்க எல்லாரும் படுத்த படுக்கை."

"ஆவாதுதான். நீயும் ஆவாத ஒண்ணத்தான் செய்யப்போறே. உக்காரு."

சட்டைப் பையிலிருந்து அளவு எழுதும் சின்ன நோட்டை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மூன்றாவது மாடி ஐயாவுக்குக் காது கேட்காது, கதவை ஓங்கித் தட்ட வேண்டும். இரண்டாவது தெரு அம்மாவுக்குப் பச்சை மூடி. கடைசி வீட்டில் கதவு சாத்தியிருக்காது, தள்ளிக்கொண்டு போகலாம். சட்டை அளவு எழுதுகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது, காலையில் அவசரத்தில் கழற்ற மறந்திருக்கிறார். அப்படியே போனார். போகும்போது அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.

நான் உட்கார்ந்தேன். குழந்தையை அதன் தாய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கையில் ஒன்றும் இல்லை. வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது என்ன கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

வழக்கமான வரி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். மறுபடி வந்தது. விழுங்கினேன். பிறகு வாய்விட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினேன்.

"ஆண்டவரே, நான்தான். பின்னாடி சமையலறைல இருக்கேனே, அவ. உங்க வீட்டுல பதினோரு வருஷமா சமைக்கிறேன், முன்னறைக்கு வந்து உங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசினதில்ல. என் தங்கச்சி ரெண்டு தடவ வந்தா. நான் கத்தியக் கொடுத்தேன். இன்னிக்கு ஒண்ணு கேட்டா, அதையும் கெடுத்தேன். அவ கை சில்லுன்னு இருந்துச்சு. அவளுக்குப் பயம். எனக்கும் பயமா இருக்கு. அவள எங்கிட்ட திருப்பிக் கொடுங்க."

அழுதேன். நான் ஆள் நடமாட்டத்தில் அழுகிறவள் இல்லை, வெங்காயம் வெட்டும்போது சேர்த்து அழுதுவிடுகிறவள். இங்கே வெங்காயம் இல்லை. பதில் என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. நான் பேசிய பேச்சை யாரோ இடையில் குறுக்கிடாமல் முழுசாகக் கேட்டுவிட்டு, இன்னும் பக்கத்திலேயே இருப்பதாக மட்டும் இருந்தது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். அந்தக் கூடத்தில் மறுபடி நாற்காலிகள் கோணலாகிவிட்டன, விட்டுவிட்டேன்.

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, பார்க்க நல்ல மாதிரிதான் இருக்கிறது, பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும், இப்போது அவள் நன்றாக இருக்கிறாள் என்றார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அவர் பழக்கப்பட்டவர் போல, மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் இரண்டரைக்குத்தான் திரும்பினார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. தங்கச்சி நலம் என்றதும் சுவரில் சாய்ந்து நின்று, கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு பொட்டலத்துக்கு மூணு மணி நேரமா?"

"அந்த மூணாவது மாடிக்காரர் சட்டையில பட்டனே இல்ல. பின்னு குத்தி வெச்சிருக்கார். ரெண்டு வருஷமா அப்படித்தானாம். கை நடுங்குதாம், ஊசியில நூல் கோக்க முடியலையாம். மூணு சட்டைக்கும் தெச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

இரண்டு வருஷம். ஐந்நூறு பொட்டலம் அந்தக் கதவுக்குப் போயிருக்கும். நானே பத்துத் தடவையாவது போயிருப்பேன். ஒருதடவைகூட அவர் சட்டையைப் பார்க்கவில்லை, மூடி சரியாக இருக்கிறதா என்று பொட்டலத்தைத்தான் பார்த்தேன். உட்கார்ந்து பழகினவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். தங்கச்சி வார்டில் முழித்திருந்தாள். உதடு காய்ந்து, முகம் வீங்கி, அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. போர்வை ஒரு பக்கம் நழுவிக் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"காலையில சாப்பாட்டு ஜெபம் சொல்லிட்டேன்டி" என்றேன். "மன்னிச்சிரு."

"தெரியும். சூடு ஆறாம போய்ச் சேரணும்னு சொன்னே. மயக்க மருந்து கொடுக்கிறவர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல ஊசிய ரெண்டு தடவ குத்த வேண்டியதாப் போச்சு." அவளும் சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதே, தையல் வலிக்குது." வலி தணிந்ததும், "ஆனா கதவு மூடினப்போ பயமா இருந்துச்சுக்கா" என்றாள்.

"எனக்கும்தான். இப்போ பண்ணட்டுமா?"

"ம். மெதுவா பண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது கை சூடாக இருந்தது. நான் மெதுவாகப் பேசினேன். அவள் சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்ததைச் சொன்னேன். கேரட்டைச் சொன்னேன். பரிசோதனை முடிவு நல்லதாக வர வேண்டும் என்று கேட்டேன், எப்படி வந்தாலும் அவளைத் தனியாக விடாத அளவுக்கு எனக்குப் புத்தி கொடுங்கள் என்றும் கேட்டேன். நடுவில் எங்கோ அவள் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

அடுத்த கட்டிலின் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, எனக்கும் கொஞ்சம்." திரையை விலக்கினேன். ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும், காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். பார்க்க யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையைத் தங்கச்சி தூக்கத்திலும் விடவில்லை, மறு கையை அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையும் மாட்டிக்கொண்டது, மூக்கைத் துடைக்கக்கூட வழியில்லை.

"உங்களுக்கு என்னன்னு கேக்கணும்?" என்றேன். பதினோரு வருஷத்தில் ஒருவரிடமும் நான் கேட்காத கேள்வி அது.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சிரிக்கக் கூடாது. வீட்டுல ஒரு பூனை இருக்கு. திங்கக்கிழமை விழுந்தேன், அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க. உள்ளயே மாட்டிக்கிச்சு. ஜன்னலோரம் ஒரு வாளித் தண்ணி இருக்கு, ஆனா நாலு நாளா தீனி இல்ல. அது என்ன பண்ணுதோன்னு அது ஒண்ணுதான் மனசுல ஓடிட்டே இருக்கு."

நான் சிரிக்கவில்லை. கண்ணை மூடினேன். அந்த அம்மாவின் காலுக்காகக் கேட்டேன். பூனைக்காகவும் கேட்டேன், அது என்ன நிறம் என்று நடுவில் விசாரித்து, சாம்பல் நிறம் என்றதையும் சேர்த்துச் சொன்னேன். அவசரப்படவில்லை. பெரிய பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை, வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஆமென் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்க மனசில்லாமல் அப்படியே இருந்தேன்.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். வார்டு வாசலைத் தாண்டாத என் வீட்டுக்காரர், மூக்கில் கைக்குட்டை இல்லாமல், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஆமென்கூடச் சொல்லவில்லை.

"வீட்டுச் சாவி யார்கிட்டம்மா இருக்கு?" என்று கேட்டார்.